புளிக்கிடங்குச் சாவியும் சிவப்புக்கரைத் துண்டும்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

வெண்ணந்தூரில் இருபத்துநான்கு விசைத்தறிகளுக்கு உரிமையாளரும், என் மனைவி வசந்தாமணியின் மூத்த அண்ணனும், எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து கடைசிப் பந்தி வரை குறை சொல்லும் உரிமை பெற்றவருமான மச்சான் திரு. காளிதாஸ் அவர்களுக்கு, புளி மண்டி அருணகிரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், வசந்தாமணி, மகள் இலக்கியா, கிடங்கில் அடுக்கியிருக்கும் புளி எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்கள், அக்கா, தறிகள் எல்லாம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காத இடம் வரும்போது 'டவர் இல்லீங்க மாப்ள' என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்கு டவர் தேவையில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சரக்கைக் காட்டாமல் பேரம் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. இலக்கியா பாஸ். பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம், வகுப்பிலேயே முதலிடம். போன வருஷம் உங்கள் பேரன் காதுகுத்து விருந்தில் நீங்கள் எழுந்து நின்று, "ஊசி போடத் தெரியாது, மாத்திரை எழுதத் தெரியாது, இதென்னுங்க மாப்ள படிப்பு, ஈ ஓட்டற படிப்பா? இந்தப் புள்ள இந்த ஆராய்ச்சிய முடிச்சுப் பட்டம் வாங்கிருச்சுன்னா நான் மோகனூர்ல மொட்டை போட்டுக்கறனுங்க. முடிக்காட்டி நான் சொல்ற, போர்வெல் போடற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் பையனுக்குக் கழுத்த நீட்டிட்டு ஊட்ல இருக்கட்டும்" என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சாட்சியாகச் சொன்னது ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லையென்றாலும் பரவாயில்லை, உங்கள் மருமகனே செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். அன்றைக்கு என் வாயில் லட்டு இருந்ததால் நானும் தலையை ஆட்டிவிட்டேன். வாயில் இனிப்போடு எந்தப் பேச்சுக்கும் தலையாட்டக் கூடாது என்பதை ஐம்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டேன். அந்தத் தலையாட்டலால் ஒரு வருஷம் என் மகள் பட்ட பாடும், அவளால் நான் பட்ட பாடும்தான் கீழே வருவது. மோகனூர்க் காவிரியில் இப்போது தண்ணீர் நன்றாகப் போகிறதாம்.

அவள் இந்தப் படிப்புக்கு எப்படிப் போனாள் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்காததையும் சொல்கிறேன். நுண்ணுயிரியல் பட்டம் முடித்ததும் நானே கூட்டிப்போய்ப் பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்த்தேன். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, கல்யாணம் வரைக்கும் போகட்டும் என்று கணக்கு. ஆறு மாதத்தில் ஒரு நாள் மதியச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "ஏப்பா, ஒரே லாரி ஒரே எடத்துல மாசாமாசம் பஞ்சர் ஆச்சுன்னா டயரைப் பாப்பீங்களா, ரோட்டைப் பாப்பீங்களா?" ரோட்டைத்தான் பார்ப்பேன் என்றேன். "எங்க லேபுக்கு நீர்க்கடுப்புன்னு வர்ற பொம்பளைங்க பேரு வருசத்துல நாலு தடவை திரும்பத் திரும்ப வருது. எல்லாம் நம்ம பேட்டைக் கிடங்குல வேலை செய்யறவங்க. டாக்டர் மாத்திரை தர்றாரு, ஆறுது, மறுபடி வருது. எல்லாரும் டயரையே பாக்கறாங்க. நான் ரோட்டைப் படிக்கப் போறேன்" என்றாள். அந்த ரோட்டுக்குப் பெயர்தான் பொது சுகாதாரமாம். அதிலே சுகாதாரச் சமத்துவம் என்று ஒரு பகுதி. எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன் மச்சான், மழை பேட்டை முழுக்கத்தான் பெய்கிறது, ஓட்டை இருக்கிற கிடங்கில்தான் புளி நனைகிறது. எந்தக் கிடங்கில் ஓட்டை, ஏன் எப்போதும் அதே கிடங்கில் ஓட்டை, அதை அடைக்க வேண்டிய ஆள் யார் என்று கேட்பதுதான் அந்தப் படிப்பு. முதல் இரண்டு கேள்வியை எந்த வியாபாரியும் தாங்கிக்கொள்வான். மூன்றாவதுதான் தொண்டையில் நிற்கும்.

அவள் எடுத்த ஆராய்ச்சி இதுதான். பேட்டையில் புளி தட்டிக் கொட்டை எடுக்கிற பெண்கள், பருப்பு புடைக்கிற பெண்கள், காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறார்கள், எத்தனை தடவை ஒதுங்குகிறார்கள். பதினைந்து கிடங்கு, நூற்றெண்பது பெண்கள் வேண்டும். பதினான்கு கிடங்குக்காரர்கள் 'வாம்மா, காப்பி சாப்பிடு' என்று உபசரித்து, வாசலோடு அனுப்பினார்கள். திறந்தது என் கிடங்கு ஒன்றுதான், அதுவும் நான் அப்பனாகப் பிறந்துவிட்ட காரணத்தால். நாற்பது கேள்வி அச்சடித்த தாளோடு வந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் எங்கள் மேஸ்திரி சின்னுசாமி, முதலாளி மகளுக்கு ஒத்தாசை என்று, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சாயங்காலம் பார்த்தால் முப்பத்திரண்டு தாளிலும் ஒரே பதில். எட்டு டம்ளர் தண்ணீர், ஒரு குறையும் இல்லை, முதலாளி தங்கமானவர். நான் அந்தத் தாள்களில் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். அவளுடைய பேராசிரியர் படித்துவிட்டு, "இது ஆய்வு இல்லம்மா, உங்கப்பாவுக்கு எழுதுன வாழ்த்து மடல்" என்றாராம். அதோடு, சித்திரை முடிவதற்குள் உண்மையான பதில் வராவிட்டால் இந்த வருஷம் பட்டம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். பட்டம் இல்லையென்றால் உங்கள் ரிக் வண்டிக்காரர் வீட்டுக் கதவுதான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த வீடியோவுக்கும் தெரியும்.

சரி, பேர் எழுதாமல் பெட்டியில் போடட்டும் என்று ஒரு அட்டைப்பெட்டிக்கு ஓட்டை போட்டு வைத்தாள். தண்ணீர் குடித்தால் நிறைகுடப் படம், குடிக்காவிட்டால் வெறுங்குடப் படம், உள்ளதைக் கிழித்துப் போட வேண்டியதுதான். யாரோ அதற்கு மேல் பொட்டு வைத்துவிட்டார்கள். பொட்டு வைத்த பெட்டிக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான், உண்டியல். நாலு நாள் கழித்துத் திறந்தால் ஒரு ரூபாய் நாணயம் பதினொன்று, ஒரு மஞ்சள் கயிறு, மகனுக்குப் பால் சொசைட்டியில் வேலை வேண்டும் என்று ஒரு மனு. பிறகு நானே இறங்கினேன். எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வரும்" என்று தைரியம் கொடுத்தேன். எல்லோரும் ஒன்பது டம்ளர் என்றார்கள். எட்டு போய் ஒன்பது ஆனதுதான் என் பேச்சால் விளைந்த பலன்.

அந்த வாரம் தர்மபுரிப் பக்கமிருந்து ஒரு லோடு புளி வந்தது. இப்போதெல்லாம் விலை செல்போனில்தான். ஆனால் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்து முன்னுக்கு வந்தவன் நான், சரக்குக்காரரும் என் வயசுக்காரர், பழக்கம் விடுமா? லாரிக்குப் பக்கத்தில் நின்று சிவப்புக்கரைத் துண்டைக் கை மேல் போட்டு விரலைப் பிடித்துப் பேசினோம். சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள், ஒருவருக்கும் விலை தெரியாது. இலக்கியா கிடங்கு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏப்பா, வாய் இருக்கறப்ப எதுக்குத் துண்டு?" என்றாள். "வாயில சொன்னா அது ஊருக்கு விலை சாமி, விரல்ல சொன்னா ரெண்டு பேருக்கு விலை. எட்டுப் பேரு பாத்துட்டு நிக்கறப்ப எவனாவது உண்மையப் பேசுவானா?" என்று சொல்லிவிட்டு நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். திரும்பினால் துண்டு தோளில் இல்லை, அவள் கையில் இருக்கிறது. பெண்களிடம் துண்டுக்குள் பதில் வாங்கும் யோசனை என்னுடையது என்று நான் வீட்டில் சொல்கிறேன், அவளுடையது என்று வசந்தாமணி சொல்கிறாள். துண்டு என்னுடையது என்பதில் சண்டையில்லை.

சாப்பாட்டு மேசையிலேயே பாடம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு, கை முழுக்கப் பிடித்தால் ஐந்து, ஒன்றுமே இல்லையென்றால் மூடிய முட்டி. இரண்டே விதி. துண்டுக்குள் பேசியது செத்தாலும் வெளியே வரக்கூடாது. துண்டை எடுத்த பிறகு பேச்சு மாறக்கூடாது. இந்த இரண்டு விதியும் அவள் படிக்கிற புத்தகத்தில் முப்பது பக்கத்துக்கு வேறு பேரில் இருக்கிறதாம். இதற்கு நடுவில் உங்கள் தங்கை அந்தத் துண்டை எடுத்துச் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டாள். இருபது வருஷம் நான் கழுவாமல் காப்பாற்றிய ராசி, ஒரு வாளித் தண்ணீரில் போயிற்று. "பொம்பளைங்க கைய வெக்கப் போற துணி, மாட்டுச் சாணி நாத்தமா அடிக்கறது?" என்று கேட்டாள். நானே பிழிந்து கொடியில் போட்டேன்.

முதலில் உட்கார்ந்தது சாலம்மாள். இருபத்திரண்டு வருஷமாக என் கிடங்கில் புளி தட்டுகிறவள், எனக்கு மூத்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள். துண்டைப் போட்டதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. "ஏஞ்சாமி, ஆம்பளைங்க இத்தினி வருசமா இதுக்குள்ளாற என்னமோ மந்திரம் பண்றாங்கன்னு நெனச்சா, வெறும் வெரலத்தான் புடிச்சுட்டு நின்னாங்களா? இதுக்கா இத்தினி மீசை?" என்றாள். கிடங்கே சிரித்தது. சின்னுசாமி கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தான், துண்டுதான் தெரிந்தது. இலக்கியா வாயால் கேள்வி கேட்டாள், கையால் பதில் வந்தது, அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். நாலாவது கேள்வியில் சாலம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அதை மட்டும் நான் தூரத்திலிருந்து பார்த்தேன். மற்றவர்கள் வரிசையில் முண்டியடித்தார்கள். முடித்தவர்களில் நாலைந்து பேர் மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே உங்கள் போன் வந்தது, நினைவிருக்கிறதா? "ஏனுங்க மாப்ள, புள்ளைய மாட்டுத்தரகு பாக்க உட்டுட்டீங்களாமா? மானம் போகுதுங்க!" என்றீர்கள். வெண்ணந்தூர் வரைக்கும் சேதி வந்துவிட்டதென்றால் பேட்டைக்குள் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த சந்தில் மதியழகன், எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர், என்னைவிட இரண்டு மடங்கு புளி வைத்திருப்பவர். அருணகிரி மகள் துண்டு போட்டுப் பேசுகிறாள் என்றதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. துண்டுக்குள் கை போனால் அங்கே சரக்கு கை மாறுகிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாடம். அருணகிரி எதையோ மோப்பம் பிடித்துவிட்டான், புளிக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது, பெண்களிடம் எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை என்று விரலில் வாங்குகிறான் என்று கதை கட்டிவிட்டார். மறுநாள் புளி விலை ஏறிற்று. மூன்றாம் நாள் இன்னும் ஏறிற்று. அவரே நேரில் வந்து, "அருணகிரி, என்ன நடக்குதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றார். "ஒண்ணுமில்லீங்க, பாப்பா படிப்புக்கு" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிச் சிரித்துவிட்டு, "சரி சரி, அப்ப எங் கிடங்குக்கும் பாப்பாவ அனுப்பு, நானும் பக்கத்துல நின்னு படிப்பப் பாக்கறேன்" என்று போனார். இந்தப் பேட்டையில் எதையாவது மறைக்க வேண்டுமானால் உண்மையைச் சொன்னால் போதும் மச்சான். ஒரே வாரத்தில், காப்பி கொடுத்து அனுப்பிய பதினான்கு கிடங்கும் கதவைத் திறந்தன. ஒவ்வொரு முதலாளியும் பக்கத்தில் நின்று துண்டையே முறைத்துப் பார்த்தார். நூற்றெண்பது பெண்கள் அவர்கள் மூக்குக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

சித்திரை முடிய எட்டு நாள் இருக்கும்போது தாள்கள் முழுமை ஆயின. இலக்கியா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எந்தக் கிடங்கு மோசம் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றாள். நம் கிடங்கு எப்படி என்றேன். "துண்டுக்குள்ள பேசுனது வெளிய வரக்கூடாது. நீங்கதானுங்கப்பா சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். நான் சொன்னதையே எனக்கு விற்றால் நான் எங்கே போவது? சரி, நம் கிடங்கைப் பற்றி எனக்கே தெரியாதா என்று, மறுநாள் மதியம் மதியழகன் இருக்கும்போது சத்தமாகவே சொன்னேன். இந்தச் சந்திலேயே பெண்களுக்கென்று கழிப்பறை கட்டியவன் நான் ஒருவன்தான், அதுவும் தரையெல்லாம் டைல்ஸ் என்று. புளி தட்டிக்கொண்டிருந்த சாலம்மாள் சுத்தியலை நிறுத்தினாள். "ஏனுங் முதலாளி, அந்த டைல்ஸ் என்ன கலருங்க?" என்றாள். "ஏன், உனக்குத் தெரியாதா?" என்றேன். "கட்டி ஏழு வருசம் ஆச்சுங்க. நான் உள்ள போனதில்லீங்களே."

பூட்டியிருக்கிறது மச்சான். சாவி சின்னுசாமி மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கேட்டால் தருவான், யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் கேட்கிற ஒவ்வொருத்தியிடமும் 'எதுக்கு?' என்பானாம். "மூட்டை தூக்கற ஆம்பளைங்க இருவது பேரு நிக்கறாங்க. எதுக்குன்னு என்னத்தச் சொல்றதுங்க? அதுக்குத் தண்ணி குடிக்காமயே இருந்தர்லாம்னு இருந்துட்டமுங்க" என்றாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை, விலை சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் சின்னுசாமி மேல் பாய்ந்தேன். அவன் மேசைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டே, "நீங்கதானுங்களே டைல்ஸ் அழுக்காகிரும், கண்டவங்களையும் உடாத, பூட்டி வைய்யின்னு சொன்னீங்க!" என்றான். சொல்லியிருக்கிறேன். கட்டி முடித்த அன்றைக்கு, பளபளப்பைப் பார்த்த மயக்கத்தில், நானேதான் சொல்லியிருக்கிறேன். பிறகு மறந்துவிட்டேன், ஏழு வருஷம் அவன் மறக்கவில்லை. மதியழகன் என்னைப் பார்த்தார், நான் எடைக்கல்லை எடுத்துப் பூட்டைப் பார்த்துப் போனேன். மூன்றாவது அடியில் தெறித்தது. டைல்ஸ் நீலக்கலர், புதுசு மாதிரியே இருந்தது. ஓட்டையை அடைக்க வேண்டிய ஆள் யார் என்ற அந்த மூன்றாவது கேள்விக்குப் பதிலை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனிமேல் வருவதை உட்கார்ந்து படியுங்கள், சிரித்தால் வயிறு வலிக்கும். மற்றக் கிடங்குகளுக்கு என்ன செய்வது என்று சங்கத்தில் பேச இலக்கியாவுக்கு ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தேன். புளி ரகசியம் வெளிவரப்போகிறது என்று அறுபது பேர் வெள்ளை வேட்டியில் வந்து சங்க மண்டபத்தை நிரப்பிவிட்டார்கள். வந்ததும் மோர், பிறகு டீ, பிறகு இளநீர், வெயில் காலம் பாருங்கள் என்று மறுபடி மோர். எல்லாம் என் மகள் ஏற்பாடு, எனக்கே எதற்கென்று தெரியாது. முக்கால் மணி நேரம் பேசினாள். மதியழகனுக்குச் சர்க்கரை உண்டு, அவர்தான் முதலில் எழுந்தார். மண்டபத்துக் கழிப்பறை பூட்டியிருக்கிறது. திரும்பி வந்து சாவி எங்கே என்றார். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாலம்மாள் தலைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

"சாவி குடும்மா."

"எதுக்குங்க?" என்றாள் சாலம்மாள்.

"எதுக்கா? ... போறதுக்குத்தான்."

"காலைல ஊட்ல போயிட்டுத்தான வந்தீங்க?"

மண்டபம் சிரித்தது. தலைவர் முகம் சிவந்துவிட்டது. "அட, குடும்மா!"

"குடுக்கறனுங்க. சீக்கிரம் வந்தர்றீங்களா? வேலை கெடக்குதுல்ல. அப்பறம், டைல்ஸ் அழுக்காகாமப் பாத்துக்கங்க."

சிரித்தவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கத்தான் தங்கள் நிலைமை தெரிந்தது. நாலு தடவை குடித்த மோர் யாரை விட்டது? ஒவ்வொருவராக எழுந்தார்கள், ஒவ்வொருவரிடமும் சாலம்மாள் அதே மரியாதையோடு 'எதுக்குங்க' என்றாள். கேட்க வெட்கப்பட்டு எட்டுப் பேர் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அதில் ஒருவன். அப்போது இலக்கியா மைக்கைப் பிடித்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நீங்க வந்து ஒரு மணி நேரம் ஆச்சுங்க. அவங்க ஒம்பது மணி நேரம். நூத்தியெம்பது பேர்ல நூத்திமுப்பத்தொரு பேரு மூடுன முட்டியத்தான் காட்டுனாங்க." போய் வந்தும் மறுபடி அவசரம் வந்துவிட்ட மதியழகன் எழுந்து, ஒற்றைக்காலில் நின்றபடியே தீர்மானம் சொன்னார். எல்லாக் கிடங்கிலும் பெண்களுக்குக் கழிப்பறை, வெளிப்பூட்டு கூடாது, உள்தாழ்ப்பாள் மட்டும், குடிக்கத் தண்ணீர் பக்கத்திலேயே. இடமில்லாத சந்தில் நாலு கிடங்குக்கு ஒன்று. குப்பை லாரி எந்தச் சந்துக்கு முதலில் வருவது என்று மூன்று வருஷமாக முடிவெடுக்காத சங்கம், இதை மூன்று நிமிஷத்தில் ஏகமனதாக நிறைவேற்றிவிட்டுக் கழிப்பறை வாசலுக்கு ஓடிற்று. அன்றைக்குச் சாயங்காலமே புளி விலை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. மதியழகன் என்னோடு பத்து நாள் பேசவில்லை, கழிப்பறையை மட்டும் எல்லோருக்கும் முன்னால் கட்டி முடித்தார். அதிலேயும் என்னை முந்த வேண்டுமாம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி துண்டோடு பதினைந்து கிடங்கும் போய் வந்தாள். முட்டி குறைந்திருக்கிறது, மூன்று விரல், நாலு விரல் எல்லாம் வந்திருக்கிறது. லேபில் திரும்பத் திரும்ப வந்த பெயர்களும் குறைந்திருக்கின்றன. ஆனால் ஜெயித்தோம் என்று சொல்ல இன்னும் ஒரு வருஷம் பார்க்க வேண்டுமாம். லாபத்தை நம்பாத பிள்ளை வியாபாரி வீட்டில் எப்படிப் பிறந்தது என்று தெரியவில்லை. ஆடிக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. சென்னையிலிருந்து வந்த தேர்வாளர், "இந்த முறையை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டாராம். "நாமக்கல் பக்கத்து மாட்டுச் சந்தையில இருந்துங்க சார்" என்று சொல்லி, பையிலிருந்து துண்டை எடுத்து அவர் கை மேலேயே போட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டு, எத்தனை மதிப்பெண் எதிர்பார்க்கிறீர்கள் என்றாராம். பத்துக்கு எத்தனை என்று பிடித்தாளோ, அதை மட்டும் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கதவு வழியாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. முப்பது வருஷம் பேரம் பார்த்தவன், உள்ளே பேரம் படிந்துவிட்டது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன்.

ஆக, ஈ ஓட்டுகிற படிப்பு எது என்று இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். பந்தயத்தில் நீங்கள் தோற்றீர்கள், அது ஒரு பக்கம். ஆனாலும் அந்த ரிக் வண்டிக்காரர் பையன் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை, நல்ல குடும்பம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள். ஏனென்றால் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று வருஷம் மேலே படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நல்ல விலை போகிற நேரத்தில் சரக்கை ஊரை விட்டு அனுப்புகிறவன் உண்டா என்றேன். "நான் சரக்காப்பா?" என்றாள். வாய் தவறி வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முடிவு முடிவுதான். ஒரே பிள்ளை, படித்தது போதும், பெயர் வாங்கியது போதும், சேலத்திலேயே ஒரு வேலை, பக்கத்திலேயே ஒரு மாப்பிள்ளை. அருணகிரி ஒரு முறை முடியாது என்றால் முடியாதுதான் என்று பேட்டை முழுக்கத் தெரியும். அவள் பெங்களூர் பஸ் ஏறினாள் என்றால், மோகனூரில் உங்கள் பக்கத்துப் பலகையில் நானும் உட்கார்ந்து தலையைக் கொடுக்கிறேன். இதை எழுத்திலேயே தருகிறேன், வீடியோ தேவையில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பேரனுக்கு முத்தம், காதுக் கடுக்கன் பத்திரமா என்று கேட்டதாகச் சொல்லுங்கள். வசந்தாமணி உங்களுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள், இரத்தக் கொதிப்புக்காரர் உப்பைக் குறைக்க வேண்டும் என்று இலக்கியா பாதியை எடுத்து வைத்துவிட்டாள். எல்லோரும் நூறு வயசு நோயில்லாமல் இருக்க, வேளைக்குத் தண்ணீர் குடித்து வாழ, மனதார வேண்டும்,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
அருணகிரி.

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்த்துக் கொடு என்று கடிதத்தை இலக்கியாவிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை படித்தாள். உள்ளே போய்த் துண்டை எடுத்து வந்து என் கை மேல் போட்டாள். "பேசலாங்களாப்பா?" என்றாள். உள்ளே நடந்ததை விதிப்படி சொல்லக் கூடாது. அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்தப் பொம்பளைங்களுக்காக மேல படிச்சுட்டுத் திரும்பி வந்தவங்க நம்ம பேட்டைல எத்தனை பேருங்கப்பா?" நான் என்ன பதில் காட்டினேன் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். வசந்தாமணி எட்டிப் பார்த்தாள், துண்டுதான் தெரிந்தது. மாட்டுச் சந்தையிலும் புளிச் சந்தையிலும் தோற்காதவன் நான். துண்டை எடுத்தபோது மூன்று வருஷம் என்று படிந்திருந்தது, எடுத்த பிறகு பேச்சு மாறக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை யாரையும் கூட்டி வர வேண்டாம், ரிக் வண்டிக்காரருக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பெங்களூர்க்காரர்களிடம் அவள் எழுதிக் கொடுத்திருப்பது விசைத்தறிப் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சியாம். முதல் தறிக்கூடம் மாமாவுடையதுதான் என்கிறாள். போவதற்கு முன்னால் திங்கட்கிழமை துண்டோடு வருவாள், உங்கள் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மோகனூரில் முடி எடுப்பவருக்கு ஒரு தலை என்று சொல்லியிருந்தேன், இரண்டு என்று மாற்றியாயிற்று. முதலில் உங்களுடையது. என்ன இருந்தாலும் நீங்கள் மூத்தவர்.